72 வயது அப்பாவுக்கு மருந்து எதிர்ப்புக் காசநோய்: இந்த வயதில் அந்த மாத்திரைகளைத் தாங்குவாரா?

தறிவீட்டுப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயது. சின்னாளப்பட்டியில் நெசவு. இப்போதும் காலையில் கொஞ்ச நேரமாவது குழித்தறியில் உட்காராவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. சர்க்கரை பல வருஷமாக இருக்கிறது. 2012இல் ஒரு தடவை டிபி வந்து அரசு மாத்திரை சாப்பிட்டார். உடம்பு தேறியதும் பாதியில் விட்டுவிட்டார் என்று அம்மா சொல்கிறார்.

போன தீபாவளிக்கு அப்புறம் ஆள் இளைக்க ஆரம்பித்தார். இருமல் பெரிதாக இல்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், சோற்றில் பிடிப்பில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. யாரைக் கேட்டாலும் "வயசாயிருச்சுல்ல, சுகர் வேற" என்றுதான் பதில். கடைசியில் ஒரு தனியார் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, சளிப் பரிசோதனை எதுவும் எடுக்காமலே டிபி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனது. சர்க்கரையும் ஏறியது, அதற்கு கிளிமிப்பிரைடு அளவைக் கூட்டினார்கள். பிறகு அரசு மருத்துவமனையில் சிபிநாட் எடுத்தோம், சளியில் டிபி கிருமியையும் மருந்து எதிர்ப்பையும் காட்டும் சோதனை. டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யாத டிபி என்று வந்துவிட்டது.

இப்போது ஆறு மாதத்துக்குப் பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்று நான்கு மருந்து சொல்கிறார்கள். சித்தப்பாவும் பெரியண்ணனும், "இந்த வயசுல இத்தனை மாத்திரையைப் போட்டு அவரைக் கஷ்டப்படுத்தாதே, இருக்கிறவரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே சமயம் பயமாகவும் இருக்கிறது. வயதானவர்களுக்கு இந்த மருந்து கொடுத்த அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


வெள்ளைச்சேலை:

தங்கச்சி, நான் நெஞ்சுநோய் வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒன்று. வயதானவர்களுக்கு டிபி வந்தால் சினிமாவில் வருவது மாதிரி இருமி ரத்தம் துப்ப மாட்டார்கள். பலருக்கு இருமலே இருக்காது. எடை குறையும், சோர்வாக இருக்கும், பசி எடுக்காது. சிலருக்குத் திடீரென்று பேச்சு குழறும், குழப்பம் வரும், நடக்கும்போது விழுவார்கள். எல்லாமே வயதின் கணக்கில் போய்விடும். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், நோய் உறுதியானவர்களில் 42.6 சதவீதம் பேரை எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே பிடிக்க முடிந்தது. அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் அத்தனை பேரும் வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பார்கள்.

2012 என்றால் உங்கள் அப்பாவுக்குக் கொடுத்தது வாரம் மூன்று நாள் மாத்திரை. அப்போது திட்டமே அப்படித்தான். தினசரி மாத்திரை நாடு முழுவதும் வந்தது 2017இல்தான். வாரம் மூன்று நாள் என்பதில் ஒரு வேளை தவறினாலே இடைவெளி பெரிதாகிவிடும். அவர் பாதியில் விட்டதை மட்டும் சொல்லிக்காட்டிக்கொண்டே இருக்காதீர்கள். முன்பு டிபி மருந்தே சாப்பிடாதவர்களிடமும் இந்த எதிர்ப்பு இருக்கிறது. 2014-16 தேசிய ஆய்வில் புது நோயாளிகளில் 2.84 சதவீதம், ஏற்கெனவே மருந்து சாப்பிட்டவர்களில் 11.6 சதவீதம் பேருக்குப் பன்மருந்து எதிர்ப்பு, அதாவது ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் என்ற இரண்டு முக்கிய மருந்துகளுமே வேலை செய்யாத நிலை இருந்தது. எதிர்ப்புள்ள கிருமியே நேராக வேறொருவரிடமிருந்து தொற்றியும் இருக்கலாம்.

மருந்தைத் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளை ஒன்று விடாமல் கேட்டு வாங்குங்கள். ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், தட்டணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின், பொட்டாசியம், கண் பரிசோதனை, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற பரிசோதனை. ரத்தசோகை கடுமையாக இருந்தாலோ, நரம்பு ஏற்கெனவே ரொம்ப பழுதாகியிருந்தாலோ, ஈ.சி.ஜி. சரியில்லாவிட்டாலோ வேறு மருந்துத் தொகுப்புக்குப் போவார்கள்.


கரிசல்காட்டான்:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். தயவுசெய்து கோபப்பட வேண்டாம்.

2016இல் என் அம்மாவுக்கு எம்.டி.ஆர். டிபி, அந்தப் பன்மருந்து எதிர்ப்புதான். வயது 69. மாதக்கணக்கில் தினமும் கானமைசின் ஊசி. மூன்றாம் மாதம் டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ஐந்தாம் மாதம் நான் பேசுவது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. சைக்ளோசெரின் மாத்திரையால் ராத்திரியில் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். வாந்தி நிற்கவே இல்லை. எட்டாம் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். டிபியால் போனாரா, மருந்தால் போனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காது கேட்கவில்லை என்று சொன்னபோதெல்லாம், "இந்த வயசுல கேக்காதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் சித்தப்பா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். முக்கியமாக, பெரியவரிடம் யாராவது கேட்டீர்களா? அவருடைய உடம்பு அது.


நொய்யல்:

கரிசல் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரசு மருத்துவமனை வேண்டாம், கோவையில் நல்ல தனியார் நுரையீரல் டாக்டர்கள் இருக்கிறார்கள். அதுவரை அப்பாவைத் தனி அறையில் வைத்து, தட்டு டம்ளர் எல்லாம் தனியாகக் கொடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கவனம்.


கொல்லிமலைக்காரன்:

நான் நுரையீரல் மருத்துவர். மாவட்டக் காசநோய்ப் பிரிவோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று நான் சொல்ல முடியாது. பொதுவாகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

கரிசல்காட்டான், உங்கள் அம்மாவுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. அந்த ஊசி மருந்து உட்காதின் செல்களைக் கொல்லும். போன காது திரும்பாது. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் மருந்து உடம்பில் தங்கி, பாதிப்பு இன்னும் கூடும். அந்த ஊசியால் காது போனவர்களில் ஒருவர்தான் மும்பையின் நந்திதா வெங்கடேசன். அவரும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் பெடாகுயிலின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்த்து வாதாடினார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. இப்போது தறிவீட்டுப்பெண்ணின் அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் தொகுப்பில் ஊசி கிடையாது, சைக்ளோசெரினும் கிடையாது. நான்கும் மாத்திரை. காலம் 26 வாரம். உங்கள் அம்மா காலத்தில் இரண்டு வருஷத்தை ஒட்டி இழுத்தது.

நொய்யல், தட்டும் டம்ளரும் டிபியைப் பரப்பாது. காற்றில்தான் பரவுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆரம்ப வாரங்களில் அவர் முகக்கவசம் போடட்டும், பகலில் திண்ணையில் உட்காரட்டும். தட்டைத் தனியாக வைத்தால் அவர் சாப்பிடுவது குறையும், வேறெதுவும் நடக்காது. அப்புறம் தனியாருக்குப் போனாலும் பெடாகுயிலினும் பிரிட்டோமனிட்டும் பெரும்பாலும் அரசுத் திட்டம் வழியாகத்தான் வரும், இலவசமாக. தனியார் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பதில் தவறில்லை. நோயாளியின் பதிவு அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நிம்மதியாக இருக்கட்டும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வைத்தியம் செய்யாத டிபியில் நிம்மதி கிடையாது. மூச்சிரைப்பு, ராத்திரி வியர்வை, சில சமயம் வாய் நிறைய ரத்தம். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டார்கள்.


கரிசல்காட்டான்:

டாக்டர் சார், நன்றி. ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் புது மருந்துகளைச் சோதித்தபோது 70 வயதுக்காரர்கள் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? இளவட்டங்களுக்குக் கொடுத்துவிட்டு நல்ல பலன் என்று எழுதிவிட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?


கொல்லிமலைக்காரன்:

சரியான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

நீங்கள் நினைப்பது உண்மைதான். இந்த நான்கு மருந்துத் தொகுப்பின் அடிப்படை டிபி-பிராக்டிகல் என்ற ஆய்வு. உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நடந்தது. பழைய முறையில் 52 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு, புது முறையில் 89 சதவீதம். 2022 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் அதில் பங்கேற்றவர்களின் நடு வயது 35 வாக்கில். அதற்கு முன் மாக்ஸிஃப்ளாக்சசின் இல்லாமல் மற்ற மூன்றையும் கொடுத்துத் தென்னாப்பிரிக்காவில் நடந்த நிக்ஸ்-டிபி ஆய்விலும் அப்படியேதான். வயதானவர்கள் குறைவு. ஆகவே 89 என்ற எண்ணை அப்படியே தூக்கி 72 வயதுக்காரருக்குக் கொடுக்க முடியாது.

அதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். மருந்தே வேண்டாம் என்று நான் போக மாட்டேன். இளையவருக்கு மாதம் ஒரு தடவை பார்ப்பதைப் பெரியவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான் முடிவுக்கு வருவேன். நிக்ஸ்-டிபியில் லினிசோலிட்டை நாளுக்கு 1200 மில்லிகிராம் கொடுத்தார்கள். 81 சதவீதம் பேருக்குக் கை கால் நரம்பு பாதித்தது, 48 சதவீதம் பேருக்கு எலும்பு மஜ்ஜை அடங்கிப்போய் ரத்தம் குறைந்தது. இப்போது 600தான் கொடுக்கிறோம். பிரச்சினை வந்தால் 300 ஆகக் குறைக்கவும் வழி இருக்கிறது. வந்ததை யார் முதலில் கவனிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் அது வீட்டில் இருப்பவர்தான்.

பெரியவரிடம் கேட்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன்.


மாத்திரைப்பெட்டி:

மருந்தாளுநர் பேசுகிறேன். தறிவீட்டுப்பெண் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிஃபாம்பிசின் சாப்பிட்டபோது சர்க்கரை ஏறியது, கிளிமிப்பிரைடு கூட்டினார்கள் என்றீர்கள். ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். அதனால்தான் சர்க்கரை மாத்திரை பத்தவில்லை. இப்போது ரிஃபாம்பிசினை நிறுத்திவிட்டீர்கள். இரண்டு வாரத்துக்குள் அந்த முடுக்கம் அடங்கிவிடும். கூட்டிய சர்க்கரை மாத்திரை மட்டும் அப்படியே நிற்கும். அதோடு மாக்ஸிஃப்ளாக்சசினும் லினிசோலிட்டும் தங்கள் பங்குக்குச் சர்க்கரையை இறக்கக்கூடியவை. அப்பா சாப்பிடுவதும் குறைவு. தாழ்சர்க்கரை வந்தால் வயதானவர்களுக்கு நடுக்கம் தெரியாமல் நேராகக் குழப்பமாகக்கூட வரும். இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி அளவைப் பாருங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கட்டும்.

அப்புறம், பெரியவரின் மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். வீட்டில் பட்டியல் எழுதிக்கொண்டு போனால் பாதி விட்டுப்போகும். காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரையை யாரும் மருந்தென்றே சொல்ல மாட்டார்கள். அதில் பலவற்றில் டோம்பெரிடோன் சேர்ந்திருக்கும். பெடாகுயிலின், மாக்ஸிஃப்ளாக்சசின் இரண்டும் ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் அடுத்ததற்குத் தயாராகும் நேரத்தை, நீட்டுபவை. டோம்பெரிடோனும் அதையே செய்யும். இதயத் துடிப்பு தாறுமாறாகப் போக அது போதும். கால் எரிச்சலுக்குப் பெரியவர்களுக்கு எழுதும் அமிட்ரிப்டிலினும் இதே கதை. அது லினிசோலிட்டோடும் ஒத்துப்போகாது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவும் அப்படித்தான். நீங்களாக நிறுத்த வேண்டாம். காட்டிக் கேளுங்கள்.

கால்சியம், இரும்புச்சத்து, ஜெலுசில் மாதிரி மருந்துகளை மாக்ஸிஃப்ளாக்சசினோடு சேர்த்துப் போட்டால் அது வயிற்றிலேயே கட்டிக்கொண்டு ரத்தத்தில் ஏறாது. நான்கு மணி நேரமாவது கழித்துப் போட வேண்டும். பெடாகுயிலினைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். சாப்பாட்டோடு போட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு உடம்பில் சேரும். வெறும் வயிற்றில் கொடுத்தால் மருந்து பாதி வீண்.


தறிவீட்டுப்பெண்:

எல்லோருக்கும் நன்றி. மாத்திரைப்பெட்டி சார், நீங்கள் எழுதியதைப் படித்த அன்று ராத்திரி அப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கருவியில் பார்த்தால் 58. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், தெளிந்துவிட்டார். மறுநாள் டாக்டர் கிளிமிப்பிரைடை நிறுத்திவிட்டு வேறு மாற்றிக் கொடுத்தார். அவருடைய கேஸ் மாத்திரையிலும் நீங்கள் சொன்ன டோம்பெரிடோன் இருந்தது. அதையும் மாற்றியாயிற்று.

கரிசல் அண்ணா, அப்பாவிடம் கேட்டேன். சித்தப்பாவையும் வைத்துக்கொண்டே கேட்டேன். என்ன வியாதி, என்ன மருந்து, என்னென்ன தொந்தரவு வரலாம் எல்லாம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "மருந்து சாப்ட்டா தறியில உக்கார முடியுமா, கேட்டுச் சொல்லு" என்றார். அவருக்கு அது ஒன்றுதான் கேள்வி. டாக்டர், காலில் உணர்ச்சி போகாமல் பார்த்துக்கொண்டால் முடியும் என்றார். சரி, கொடு என்றுவிட்டார்.

இரண்டாவது சளி மாதிரியை மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாக்ஸிஃப்ளாக்சசின் வகைக்கும் எதிர்ப்பு இருக்கிறதா என்று அதில் தெரியுமாம். மாதிரி கொடுக்கத்தான் ரொம்பச் சிரமப்பட்டார். முக்கி முக்கி எச்சில்தான் வந்தது.


வெள்ளைச்சேலை:

வயதானவர்களுக்கு அது பெரிய பாடு, தங்கச்சி. இருமுகிற சக்தியே இருக்காது. அடுத்த தடவைக்கு: விடிந்ததும், பல் துலக்கும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்து விடச் சொல்லி, இரண்டு மூன்று தடவைக்கு அப்புறம் அடிவயிற்றிலிருந்து இருமச் சொல்லுங்கள். முதுகை உள்ளங்கை குவித்துத் தட்டிக் கொடுங்கள். திறந்த வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும், நீங்கள் எதிரில் நிற்கக் கூடாது. அப்படியும் வராவிட்டால் மருத்துவமனையில் உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து எடுப்பார்கள். எச்சிலைக் கொடுத்துவிட்டு வந்தால் கிருமி இல்லை என்று முடிவு வரும். அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடுவோம்.

சாப்பாடு பற்றி யாரும் எழுதவில்லையே. சர்க்கரை என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் பெரியவர்களைக் கஞ்சியிலும் இரண்டு இட்லியிலும் நிறுத்திவிடுகிறோம். டிபி இருக்கிறவருக்கு அது ஆகாது. டிபி நோயாளிகளுக்குச் சத்துணவு கொடுத்து ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. முட்டை, நிலக்கடலை, கொண்டைக்கடலை, பருப்பு, மீன், எது கட்டுப்படியாகிறதோ அது. மெல்ல முடியாவிட்டால் கடலையை அரைத்துக் கொடுங்கள். சாப்பாட்டுக்காக டிபி நோயாளிகளுக்கு அரசு தரும் நிக்ஷய் போஷன் தொகை முன்பு மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000. வங்கிக் கணக்கு விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று டிபி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்குப் பணம் வராததற்குக் கணக்கு முடங்கிக் கிடப்பதுதான் பல சமயம் காரணம்.


நொய்யல்:

தட்டு விஷயம் படித்தேன், டாக்டர் சார். எங்கள் வீட்டில் அத்தைக்கும் அப்படித்தான் தனித்தட்டு வைத்திருந்தார்கள். இனி எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒரு கேள்வி. வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு எதாவது மருந்து கொடுக்க வேண்டுமா? சாதாரண டிபி என்றால் தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள், இதற்கு?


கொல்லிமலைக்காரன்:

எதிர்ப்புள்ள டிபிக்கு வழக்கமான ஐசோனியசிட் தடுப்பு மாத்திரை பயன்படாது. வியட்நாமிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த இரண்டு ஆய்வுகளை வைத்து 2024இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாத லீவோஃப்ளாக்சசினைப் பரிந்துரைத்தது. யாருக்குக் கொடுக்கலாம் என்பதை உங்கள் மாவட்ட மருத்துவர் முடிவு செய்வார். அதற்கு முன் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும், முக்கியமாகத் தறிவீட்டுப்பெண்ணின் அம்மாவுக்கு, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அம்மாக்கள் வரிசையில் கடைசியில்தான் நிற்பார்கள். பெரியவரைக் கவனித்துக்கொள்கிற இன்னொரு பெரியவரை யாரும் சோதிப்பதே இல்லை.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பிலாத் திட்டத்தில் நோயாளி வந்ததுமே சில விஷயங்களைப் பார்ப்பார்கள். அது சாதாரண டிபிக்காக வந்த திட்டம். ஆனால் அந்த அடையாளங்கள் வீட்டிலும் உதவும். நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழே இருந்தாலோ, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாவிட்டாலோ, ரொம்ப மெலிந்த உடம்பில் கால் வீங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். உடனே அட்மிட் செய்யுங்கள்.


தறிவீட்டுப்பெண்:

நிறைய நாள் கழித்து எழுதுகிறேன். மருந்து தொடங்கி மூன்றாம் மாதம் முடிகிறது. மதுரை முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் வகைக்கு எதிர்ப்பு இல்லை. இரண்டாம் மாதச் சளியைக் கல்ச்சர் வைத்து, அதாவது கிருமி வளருகிறதா என்று ஆய்வகத்தில் பார்த்ததில், எதுவும் வளரவில்லை. எடை 41இலிருந்து 45க்கு வந்திருக்கிறது. அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை.

பத்து நாள் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். சத்தம் விட்டு விட்டு வந்தது. போய்ப் பார்த்தால் குழிக்குள் கால் மிதிப்பலகையைத் தேடிக்கொண்டிருக்கிறது. வலது மிதியை அழுத்துவதாக நினைத்து இரண்டுக்கும் நடுவில் வைத்து அழுத்துகிறார். இழை மாறிப்போய் சேலையில் இரண்டு விரற்கடை அளவுக்குப் பழுது. "கண்ணு சரியா தெரியல, வயசாயிருச்சு" என்றார். குனிந்து பார்க்காமலே ஐம்பது வருஷம் மிதித்த கால் அது, கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளங்காலில் துடைப்பக் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். விரல் பக்கம் தெரியவில்லை என்றார்.

மருத்துவமனையில் முதலில் பார்த்தவர், சர்க்கரைக்காரங்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்றார். நான் விடவில்லை. மருந்து தொடங்கும் முன் எடுத்த பாதப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினேன். அன்றைக்கு விரல் நுனிவரை உணர்ச்சி இருந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. அப்புறம்தான் பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். ஹீமோகுளோபினும் 11.2இலிருந்து 9.4க்கு இறங்கியிருந்தது. லினிசோலிட்டைச் சில நாள் நிறுத்திவைத்து, பிறகு 300 ஆகக் குறைத்துக் கொடுக்கிறார்கள். மற்ற மூன்றும் அப்படியே. கண்ணையும் பரிசோதித்தார்கள், நிறம் பிரித்துப் பார்க்கிறார், பாதிப்பு இல்லை. கண்புரை மட்டும் இருக்கிறது.


வெள்ளைச்சேலை:

அந்தச் சீட்டைக் காட்டினாயே, அதுதான் காரியம்! முதல் நாள் நிலை எழுத்தில் இல்லாவிட்டால், பெரியவர்களுக்கு எது புதிதாக வந்தாலும் பழசு என்றுதான் சொல்வார்கள். காலில் செருப்பில்லாமல் நடக்க விடாதே. சுடுதண்ணீரில் காலை வைக்கும் முன் நீ தொட்டுப் பார். தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்த்துப் புண் இருக்கிறதா கவனி.


கரிசல்காட்டான்:

எடை ஏறியிருக்கிறது என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது, தங்கச்சி. மருந்தைக் குறைக்கிற வழி இருக்கிறது, குறைத்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். என் அம்மாவுக்கு அந்த ஊசியை நிறுத்துகிற பேச்சே வரவில்லை. உங்கள் அப்பாவுக்கு இந்த முடிவு சரியானது என்று இப்போது சொல்கிறேன். எல்லாப் பெரியவர்களுக்கும் சரி என்று சொல்ல இன்னும் தயாராக இல்லை. உங்களைப் போல் ஒருவர் பக்கத்தில் இல்லாத பெரியவர்கள் எத்தனை பேர்? தனியாக இருக்கும் கிழவருக்கு மிதி தவறியதை யார் பார்ப்பார்கள்?


கொல்லிமலைக்காரன்:

அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறவர்கள் இருக்கிறார்கள். டிபி நோயாளியின் வீடு என்று தெரிந்தால், வரும்போது பாதத்தைத் தொட்டுப் பார்க்கவும் சாப்பிட்டாரா என்று கேட்கவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். எங்கள் பகுதியில் இதைச் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தனியாக இருப்பவர்களுக்கு முதல் சில வாரங்கள் மருத்துவமனையில் வைத்துத் தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம்தான் டிபியை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. அதற்கு வீடு என்று ஒன்று இருக்க வேண்டும், கரிசல் சொல்வது அதைத்தான்.


ஆலங்குடி:

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், முழுவதும் படித்தேன். என் அம்மாவுக்கு 78. ரிஃபாம்பிசின் எதிர்ப்போடு மாக்ஸிஃப்ளாக்சசின் வகைக்கும் எதிர்ப்பு என்று நேற்று முடிவு வந்தது. இதற்கும் ஆறு மாத மருந்து உண்டா? அம்மா படுக்கையிலேயே இருக்கிறார், ஈ.சி.ஜி.க்கு அழைத்துப் போவதே கஷ்டம்.


கொல்லிமலைக்காரன்:

உண்டு. மாக்ஸிஃப்ளாக்சசினை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் 39 வாரம் வரை நீட்டுவார்கள். அம்மா முன்பு பெடாகுயிலினோ லினிசோலிட்டோ ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், முடிவு மாறும். படுக்கையில் இருக்கிறார் என்றால் வீட்டில் தொடங்க வேண்டாம். அட்மிட் செய்து, அங்கேயே ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, இரண்டு வாரம் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மாவட்டத்தில் யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால் 1800-11-6666க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.


மாத்திரைப்பெட்டி:

ஆலங்குடி, அம்மாவின் மாத்திரை டப்பாவையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். கேஸ் மாத்திரை, தூக்க மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வலி மாத்திரை எல்லாம் சேர்த்து.


ஆலங்குடி:

சரிங்க. நாளைக் காலையில் ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கிறேன். பாதப் பரிசோதனையையும் கேட்டு எழுதி வாங்கிவிடுகிறேன்.